இயான் ரூபின்: சிட்னியில் வளர்ந்த ரஷ்யக் கேப்டன்

2000 ரக்பி லீக் உலகக் கோப்பையில் ரஷ்ய அணிக்குத் தலைமை தாங்கிய இயான் ரூபினைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஒடெசாவில் பிறந்தவர் என்கிறார்கள். அது உக்ரைன் அல்லவா, சார்?

ஆமாம். ஆனால் அவர் பிறந்த காலத்தில் அது சோவியத் யூனியன். சிறுவயதிலேயே குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். ஆடியதெல்லாம் சிட்னியில்தான்: சவுத் சிட்னி, ரூஸ்டர்ஸ் என இரண்டு கிளப்கள். பூர்வீகத் தொடர்பு இருந்தால் அந்த நாட்டுக்கு ஆட ரக்பி லீக்கில் இடமுண்டு. அந்த ரஷ்ய அணியில் அப்படி வந்த ஆஸ்திரேலியர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள்.

ரக்பிக்கு 15 பேர்தானே?

அது ரக்பி யூனியன் என்ற வேறு வகை. லீக்கில் 13 பேர். ஆறு முறை மடக்கிப் பிடித்துவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

ஆஸ்திரேலியாவிடம் 110-4! உலகக் கோப்பைக்கு வர வேண்டிய அணியா இது?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். 2000 நவம்பர் 4, இங்கிலாந்தின் ஹல் நகரில் நடந்த ஆட்டம் அது. பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ட்ரை, 4 புள்ளி; கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கோல், 2 புள்ளி. ஆஸ்திரேலியா 19 ட்ரை, 17 கோல் அடித்தது. அந்த 17 கோலையும் அடித்தவர் ரயன் கர்ட்லர். மூன்று ட்ரையும் சேர்த்து அவர் ஒருவருக்கே 46 புள்ளி. அதற்கு முன் ஃபிஜி 38-12, இங்கிலாந்து 76-4 என்று ரஷ்யாவை வென்றிருந்தன.

சரி, சிரிக்கலாம். ஆனால் சோவியத் மண்ணுக்கு லீக் வந்ததே 1990 வாக்கில்தான். சிட்னியில் 1908-லிருந்தே லீக் போட்டிகள் நடக்கின்றன. பத்து வயதுப் பையனைப் பயில்வானோடு மோதவிட்ட கதை.

ரூபினின் நிலைமைதான் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. ஆஸ்திரேலியக் கேப்டன் பிராட் ஃபிட்லர்தான் அப்போது ரூபின் ஆடிய ரூஸ்டர்ஸுக்கும் கேப்டன். அந்த ஆகஸ்டில்தான் ரூஸ்டர்ஸ் ஆஸ்திரேலிய லீக்கின் இறுதிப் போட்டியில் பிரிஸ்பேனிடம் 14-6 எனத் தோற்றிருந்தது. நவம்பரில் ஒருவர் உலகின் பலமான அணிக்குக் கேப்டன், இன்னொருவர் அதனிடம் 110 வாங்கிய அணிக்கு.

இப்போது ரஷ்யாவில் ஆடுகிறார்களா, அண்ணா?

2010-ல் அரசின் விளையாட்டுப் பதிவேட்டிலிருந்து லீக்கை எடுத்துவிட்டார்கள். அங்கீகாரம் போனால் அரசுப் பணமும் போச்சு. கசான் நகரின் ஸ்ட்ரெலா கிளப் அதற்கு முன்பே யூனியனுக்கு மாறிவிட்டது. 2022-லிருந்து சர்வதேசப் போட்டிகளுக்கும் தடை.