பூசுவதற்கு முன் சுவரில் என்ன இருக்கிறது?

வணக்கம் ஐயா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. எல்லாம் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள். ஐந்தாறு வருடமாகச் சமையலறையை ஒட்டிய கொல்லைப்பக்கச் சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, தொட்டாலே மாவு மாதிரி உதிர்கிறது. ஒரு தடவை கொத்திவிட்டு சிமெண்ட் பூசினோம். இரண்டு மழைக்காலம்தான் தாங்கியது. இப்போது பூச்சு பாளம் பாளமாக விழுகிறது, ஓதமும் முன்பைவிட மேலே ஏறிவிட்டது. வந்து பார்த்த இன்ஜினியர், முழுச் சுவரையும் கொத்தி வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் கலந்த சிமெண்ட் பூச வேண்டும் என்கிறார். கட்டடக்கலை படிக்கும் என் மகளோ, "முதல்ல சுவர்லேர்ந்து மாதிரி எடுத்துச் சோதிக்கணும்மா" என்கிறாள். "சுவருக்கு ரத்தப் பரிசோதனையா?" என்று என் பெரியப்பா சிரிக்கிறார். செலவுக்குத் தகுந்த பயன் உண்டா? அதில் என்னதான் தெரியும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக் காரையில் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள் என்று சொல்வார்கள். அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் விட்டிருக்கிறேன்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்வதுதான் சரி. அந்தச் சுவரைக் கொத்த ஆள் விடுவதற்கு முன் இந்தப் பதிலைப் படித்துவிடுங்கள் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது. பின்கட்டுச் சுவர் ஒன்றுக்கு மூன்று தடவை சிமெண்ட் பூசினோம். முதல் தடவை ஓதம் இரண்டடி உயரத்தில் நின்றது. மூன்றாவது பூச்சுக்குப் பிறகு என் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. கடைசியாகப் பூசியவர் பத்து வருடத்துக்கு உத்தரவாதம் என்றார், இரண்டாவது ஐப்பசியிலேயே பூச்சு வீங்கியது. அத்தனை வருடமும் நான் கான்கிரீட் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். தினமும் கனசதுரங்களை நசுக்கிப் பார்த்தவனுக்கு, சொந்த வீட்டுச் சுவரில் ஒரு சிமிழ் தூள் எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கடைசியில் ஒரு வழியாக மாதிரி எடுத்தேன். தரையிலிருந்து அரை அடி, இரண்டடி, நான்கடி, ஆறடி என்று நான்கு உயரத்தில் துளை போட்டோம். டிரில்லை மெதுவாக ஓட்ட வேண்டும், வேகமாக ஓட்டினால் அந்தச் சூட்டிலேயே ஈரம் போய்விடும். ஒவ்வொரு துளையிலும் மேல்பூச்சின் தூள் தனி, உள்ளே செங்கல்லின் தூள் தனி. எடுத்த கையோடு மூடி இறுகிய சின்ன பாட்டில்களில் அடைத்து எடை போட்டோம். அப்புறம் 105 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி எடை. 50 கிராம் இருந்தது 46 கிராம் ஆனால், காய்ந்த எடையில் கிட்டத்தட்ட 8.7 சதவீதம் ஈரம் என்று கணக்கு. செய்முறை இவ்வளவுதான். பக்கத்து ஊர் பொறியியல் கல்லூரியின் சிவில் லேபிலேயே இந்த அடுப்பும் தராசும் இருக்கும்.

இந்த நான்கு எண்களை உயரவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தாலே சுவர் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அடியில் ஈரம் அதிகமாக இருந்து மேலே போகப் போகக் குறைந்தால், தண்ணீர் தரையிலிருந்து ஏறுகிறது. நடுவில் மட்டும் அதிகம் என்றால் குழாயையோ, வெளியே சாரல் அடிக்கும் இடத்தையோ பாருங்கள். மேலே அதிகம் என்றால் ஓடு, தாழ்வாரம், மழைநீர்த் தூம்பு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. உங்கள் இன்ஜினியர் சொன்ன பூச்சு இந்த மூன்றில் ஒன்றைக்கூட நிறுத்தாது. ஈரம் வெளியேறும் வாசலைத்தான் அடைக்கும். சுண்ணாம்புக் காரை வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், சிமெண்ட் மறித்ததும் இன்னும் மேலே ஏறி, பூச்சு இல்லாத இடம் பார்த்து வெளியேறுகிறது. உங்கள் வீட்டில் ஓதம் உயர்ந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். போதாததற்கு சிமெண்ட்டுக்குள்ளேயே கரையக்கூடிய சோடியம், பொட்டாசியம் உப்புகள் கொஞ்சம் உண்டு. அவையும் சுவருக்குள் இறங்கும்.

இரண்டு ஊசியைச் சுவரில் வைத்தால் எண் காட்டும் ஈரமானியைக் கொண்டுவந்து யாராவது காட்டினால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது பார்ப்பது மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதை. உப்பு இருந்தாலும் எண் எகிறும்.

எங்கள் வீட்டில் மீதிப் பாதி கதை இந்த உப்பில்தான் இருந்தது. அந்தத் தூளில் கொஞ்சம் எடுத்து காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, வடிகட்டி, உப்பு பார்க்கும் தாள்களை முக்கினோம். குளோரைடு கொஞ்சம், சல்ஃபேட் கொஞ்சம். நைட்ரேட் தாள் மட்டும் முக்கி எடுத்த ஒரு நிமிடத்துக்குள் அடர்ந்த ஊதாவாகிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது நினைவிருக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் எங்கள் மாட்டுக்கொட்டகை இருந்தது! நான் சின்னப் பையனாக இருந்தபோதே மாடுகளை விற்று, கொட்டகையை இடித்து, மேலே தளம் போட்டாயிற்று. ஆனால் தலைமுறை தலைமுறையாக மண்ணில் இறங்கிய கோமியமும் சாணியும் நைட்ரேட்டாக மாறி அங்கேயேதான் இருந்திருக்கின்றன. தண்ணீர் ஏறும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து ஏறியது. உங்கள் சுவரும் கொல்லைப்பக்கம் என்கிறீர்கள். அங்கே கொட்டகையோ, பழைய கழிப்பறையோ இருந்ததா என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். சோதனையைப் பார்த்துச் சிரித்தாலும், இந்தக் கேள்விக்கு அவரிடம்தான் பதில் இருக்கும்.

உப்பு ஏன் சுவரை மாவாக்குகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஆவியானால் உப்பு பின்தங்கும். காரையின் நுண்ணிய துளைகளுக்குள் படிகமாக வளரும்போது அந்தத் துளையின் சுவரை நெட்டித் தள்ளும். மழையில் கரையும், வெயிலில் மறுபடி வளரும். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, வருடத்தில் எத்தனையோ தடவை. இதில் ஏமாற்றக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. சாதாரண உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் அந்த ஈரப்பதம் சர்வ சாதாரணம். எங்கிருந்தும் கசிவு இல்லாமலேயே சுவர் வியர்க்கும். வீட்டில் எல்லோரும் குழாய் உடைந்துவிட்டது என்று தரையைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். அடுப்பில் காய்ந்த தூளையே அதே ஈரப்பதமுள்ள மூடிய பெட்டியில் சில நாள் வைத்து எடை பார்த்தால், சுவரின் ஈரத்தில் உப்பு இழுத்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அடுத்தது காரை. மகளிடம் சொல்லி நல்ல நிலையில் இருக்கும் ஒரு சுவரிலிருந்து எலுமிச்சம்பழ அளவு கட்டி ஒன்றை முழுசாக எடுக்கச் சொல்லுங்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். நீற்றிய சுண்ணாம்பு முழுதாகக் கலக்காமல் நின்ற சின்னக் கட்டிகள் அவை. சுண்ணாம்புக் காரைக்கு அதுவே ஒரு அடையாளம். உடைந்த முகத்தில், காரத்தன்மை இருந்தால் ரோஜா நிறமாகும் ஃபீனால்ஃப்தலீன் என்ற திரவத்தை ஒரு சொட்டு விட்டால், நூறு வருடம் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்து இறுகிய காரை நிறம் மாறாது. நீங்கள் ஐந்தாறு வருடத்துக்குள் பூசிய சிமெண்ட் துண்டின் உட்புறத்தில் விட்டால் பளிச்சென்று ரோஜா நிறம் வரும். எந்தப் பூச்சு எதுவரை போயிருக்கிறது என்று இந்த ஒரு சொட்டிலேயே நிறைய தெரியும்.

சுண்ணாம்பும் மணலும் எந்த விகிதம் என்று பார்க்க, எடை போட்ட காரையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைப்பார்கள். இதை வீட்டில் செய்ய வேண்டாம், லேபில் செய்யட்டும். நுரைத்துப் பொங்கி சுண்ணாம்பு கரைந்துபோகும், மணல் அடியில் தங்கும். அந்த மணலைக் கழுவிக் காயவைத்துப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடித்த வேலை. எந்த ஆற்று மணல், சலித்ததா சலிக்காததா, செங்கல் தூள் சேர்த்தார்களா என்று அந்தக் கொத்தனாரின் கை அதில் தெரியும். ஆனால் இங்கேதான் ஒரு தடவை நான் தவறினேன். நாகப்பட்டினம் பக்கம் கடலோர வீடு ஒன்றின் காரையில் சுண்ணாம்பு மிக அதிகம் என்று கணக்குச் சொல்லிவிட்டேன். கொத்தனார் அதன்படிக் கலந்து பூசியது வலை வலையாக வெடித்தது. அங்கே மணலிலேயே கிளிஞ்சல் துண்டுகள் நிறைய. கிளிஞ்சலும் அமிலத்தில் கரையும், அதையும் சேர்த்துச் சுண்ணாம்பு என்று எண்ணிவிட்டேன். அமிலத்தில் போடுவதற்கு முன் லென்ஸை வைத்துப் பார்த்திருந்தால் போதும். காரையை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறை இருப்பது இதற்காகத்தான்.

முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் பற்றிக் கேட்டீர்கள். தேட முடியும், அகச்சிவப்புக் கதிர் வைத்துப் பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் நூறு வருடத்தில் இவையெல்லாம் சிதைந்து மிகக் கொஞ்சமாகத்தான் மிஞ்சும். கிடைக்கவில்லை என்பதால் சேர்க்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. வேலூர் விஐடியில் இப்படிச் சாறுகள் சேர்த்த சுண்ணாம்புக் கலவைகளில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சென்னை ஐஐடியில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. மகள் படிப்புக்காக அங்கெல்லாம் போய்ப் பார்க்கலாம். இந்தச் சுவரைச் சரிசெய்ய உங்களுக்கு அந்தப் பதில் தேவையில்லை, காசை ஈரத்துக்கும் உப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவுக்கு ஒரு வார்த்தை. சோதித்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை ஐயா. ஸ்தபதிகள் உளியால் தட்டி, மணி மாதிரி ஒலித்தால் ஆண் கல் என்று எடுத்துவைப்பார்கள். கொத்தனார் விரல் முட்டியால் பூச்சைத் தட்டி, எங்கே பொத்தென்று கேட்கிறது என்று கண்டுபிடிப்பார். நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே இதற்கென்று ஒரு வேதியியல் கூடம் வைத்தார்கள். அங்கே இருந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் வரலாற்றுப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த பிறகு, அந்தச் சுவரின் காரையைப் பரமசிவன் அடுக்கு அடுக்காகப் பகுத்துப் பார்த்தார். கீழே சொரசொரப்பான பூச்சு, மேலே மெல்லிய பூச்சு. வண்ணத்தைப் பிடித்து நிறுத்தியது பசையா என்று தேடினார், கிடைக்கவில்லை. ஈரச் சுண்ணாம்பின் மேலேயே தீட்டியிருக்கிறார்கள், சுண்ணாம்பு இறுகும்போது வண்ணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது என்ற முடிவுக்கு வந்தார். அந்த ஓவியத்தை எதை வைத்துத் துடைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் இப்படித் தெரிந்துகொண்ட பிறகு சொல்ல வேண்டியவை. உங்கள் தாத்தாவின் சுவருக்கும் அதே மரியாதையைக் கேட்கிறேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இன்ஜினியரிடம் இரண்டு மாதம் அவகாசம் கேளுங்கள். பழைய சிமெண்ட் தானாக விழும் இடங்களில் மட்டும் எடுத்துவிடுங்கள், சுவர் மூச்சு விடட்டும். கொல்லையில் மண் ஏறி வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கிறதா, சமையலறைக் கழிவுநீர் சுவரோரம் நிற்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் மண்ணை ஓரடி வெட்டி இறக்கி, சாக்கடையைத் தள்ளிவிட்டதே பெரிய வைத்தியமாகியிருக்கிறது. மாதிரியை மழைக்கு முன் ஒரு தடவை, கார்த்திகையில் அதே உயரங்களில் துளையைச் சற்றுத் தள்ளி ஒரு தடவை எடுங்கள். எண்கள் வந்த பிறகு பூசுவது எப்படியும் சுண்ணாம்புக் காரையாகத்தான் இருக்கும். செங்கல்லைவிட மென்மையாகவே கலக்க வேண்டும். உப்பு அதிகமிருந்தால் முதல் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு ஒன்றிரண்டு வருடத்தில் உதிரும். அதைக் கொத்தி எறிந்துவிட்டு அடுத்ததைப் பூச வேண்டும். இதை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பெரியப்பா மறுபடி சிரிப்பார். எங்கள் சுவர் இரண்டாவது பூச்சில்தான் நின்றது.

நான்கு உயரத்தின் ஈர எண்களும், மூன்று உப்புத் தாள்களின் நிறமும் கைக்கு வந்ததும் மகளை எனக்கு எழுதச் சொல்லுங்கள். பாட்டில்களில் தேதியையும் உயரத்தையும் எழுதி ஒட்ட மறந்துவிட வேண்டாம்.

அன்புடன்.