கிடாரிக்கு எந்தக் காளை ஊசி?

(கால்நடைக் கேள்வி பதில். பதில் தருபவர், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டாரத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்.)

கேள்வி: வீட்டில் ஒரு ஜெர்சி கலப்புக் கிடாரி நிற்கிறது. பதினாறு மாதம் ஆகிறது, இரண்டு தடவை பருவத்துக்கு வந்துவிட்டது. என் மகள் அயர்லாந்தில் நர்ஸ். அங்கே பால் பண்ணைக்காரர்கள் கிடாரிக்கு ஆங்கஸ் என்ற கறுப்பு இறைச்சி மாட்டுக் காளையின் விந்தைச் சினை ஊசியாகப் போடுவார்களாம். கன்று சுலபமாக வருமாம், நல்ல விலைக்கும் போகுமாம். அந்த ஊசி இங்கே எங்கே கிடைக்கும்? கிடாரியின் நெஞ்சுச் சுற்றளவு 54 அங்குலம், நீளம் 46 அங்குலம்.
- வாசகி, வேலந்தாவளம்

பதில்: அம்மா, அளந்து எழுதினீர்களே, அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் மாட்டின் எடை கிலோவில் வரும். நீளம் என்பது தோள்பட்டை முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு வரை. உங்கள் கணக்குக்கு 203 கிலோ வருகிறது. ஜெர்சி கலப்புக் கிடாரி 225 கிலோவாவது தொட வேண்டும், எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற பெரிய உடம்புப் பால் இனம்) கலப்பு என்றால் 250. ஆகவே எந்தக் காளை என்பதை அப்புறம் பார்ப்போம். இன்னும் இரண்டு மூன்று பருவத்தை விட்டுவிடுங்கள். 21 நாளுக்கு ஒரு தடவை வருவதுதானே, ஓடிப் போகாது. பசுந்தீவனமும் தாது உப்பும் தவறாமல் கொடுத்தால் மாதம் 12 கிலோவுக்குக் குறையாமல் ஏறும். வயது வந்துவிட்டதே, இரண்டு தடவை கத்திவிட்டதே என்று அவசரப்படுகிறவர்களைத்தான் இந்தப் பக்கத்தில் அதிகம் பார்த்திருக்கிறேன். கிடாரிக்கு வயதை விட எடைதான் கணக்கு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு வீட்டில் சின்ன உடம்புக் கிடாரி ஒன்றுக்கு எச்.எஃப். குச்சி (காளை விந்து அடைத்த மெல்லிய குழல்) போட்டேன். அன்று விந்துக் குடுவையில் அதுதான் இருந்தது. வீட்டுக்கார அம்மாவும், "பால் நிறைய வரும், அதையே போடுங்க சார்" என்றார். ஒன்பது மாதம் கழித்து நடுராத்திரியில் ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் கன்றின் இரண்டு முன்னங்கால்களும் வெளியே நிற்கின்றன, தலை இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டது. விடியும்போது கன்றை வெளியே எடுத்தோம், உயிரில்லை. இடுப்புக்குள் ஓடும் நரம்பு நசுங்கியதால் கிடாரி எட்டு நாள் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா தினமும் அதற்குப் புரட்டிப் புரட்டி வைக்கோல் போட்டார். தவறு என்னுடையது. அதற்குப் பிறகு தலையீத்துக் கிடாரியை டேப் வைத்துப் பார்க்காமல் நான் ஊசியை எடுத்ததே இல்லை.

சரி, ஆங்கஸுக்கு வருவோம். உங்கள் மகள் சொல்வது உண்மை. அயர்லாந்தில் ஒவ்வொரு இறைச்சிக் காளைக்கும் ஓர் எண் போட்டுத் தருகிறார்கள்: பால்மாட்டுக் கிடாரிக்கு இந்தக் காளையைப் போட்டால் நூற்றுக்கு எத்தனை கன்று சிரமப்பட்டு வரும் என்பது. அந்த எண் குறைவாக இருக்கும் காளையைத்தான் கிடாரிக்கு எடுப்பார்கள். ஆங்கஸ், ஹெரிஃபோர்டு இரண்டும் அந்த வகையில் நல்ல பெயர் எடுத்தவை. லிமூசின், சாரொலே கன்றுகள் பெரியவை, வயிற்றிலும் சில நாள் கூடுதலாகத் தங்கும். கடைசி நாட்களில்தான் கன்று வேகமாக எடை போடும் என்பதால் அந்தச் சில நாளும் கிடாரிக்குக் கஷ்டம். பெல்ஜியன் ப்ளூ என்று சதை திரண்ட ஓர் இனம் இருக்கிறது. அந்த இனத்துக்குள்ளேயே சேர்த்தால் பெரும்பாலான பசுக்களுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் கன்றை எடுக்க வேண்டும். ஆகவே 'இறைச்சிக் காளை போட்டால் சுலபம்' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆங்கஸிலேயே கூட ஒரு காளைக்கும் இன்னொரு காளைக்கும் வித்தியாசம் உண்டு. நிறையக் கன்று பிறந்து, கணக்கு எடுத்து, எண் உறுதிப்பட்ட காளையாகப் பார்த்துத்தான் அவர்கள் கிடாரிக்குப் போடுவார்கள். இளங்காளையை நம்ப மாட்டார்கள்.

நம் ஊர் ஆஸ்பத்திரிக் குடுவையில் ஆங்கஸ் இருக்காது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டு விந்தை இறக்கவும் முடியாது. யாராவது 'கிடைக்கும்' என்று வந்தால் வாங்காதீர்கள். கிடைத்தாலும் உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். அந்த ஊர்க்காரருக்கு நூறு மாடு. எதிலிருந்து பால் கிடாரி வேண்டும், எதில் இறைச்சிக் கன்று வேண்டும் என்று பிரித்துக்கொள்ள முடியும். அங்கே அறுவை நிலையத்தில் அறுத்த உடலின் எடையும் தரமும் பார்த்து விலை போடுகிறார்கள். இங்கே பொள்ளாச்சிச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் விலை பேசுகிறார். ஆங்கஸ் கலப்பு என்பதற்காக ஒரு விரல் கூட்டிப் பிடிக்க மாட்டார். உங்கள் வீட்டில் இருப்பது ஒரே கிடாரி. அதன் தலையீத்தில் ஆங்கஸ் கலப்புப் பெண் கன்று பிறந்தால், நாளைக்கு அது பால் சொசைட்டிக்கு ஊற்றுகிற அளவு பால் தராது.

உங்களுக்கு ஜெர்சிதான் சரி. ஜெர்சிக் கன்று சுமார் 25 கிலோவில் பிறக்கும், எச்.எஃப். கன்று 40-ஐ ஒட்டி வரும். அந்தப் பதினைந்து கிலோ எவ்வளவு பெரியது என்பது கன்றை இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குச்சியின் மேலேயே காளையின் அடையாள எண்ணும் இனமும் அச்சடித்திருக்கும். ஊசி போட்டதும் அதை வாங்கி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "இந்தக் காளைக்குக் கிடாரிகளில் கன்று எப்படி வருகிறது?" என்று ஊசி போட வரும் கால்நடை இன்ஸ்பெக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். ஊரெல்லாம் ஊசி போடுகிறவருக்கு அது கண்டிப்பாக நினைவில் இருக்கும். பெண் கன்றுக்கென்று பிரித்தெடுத்த குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது. பத்துக்கு ஒன்பது பெண்ணாகப் பிறக்கும், பெண் கன்று காளைக் கன்றை விட ஓரிரு கிலோ குறைவாகவும் இருக்கும். ஆனால் அதில் உயிரணு குறைவு, சினை பிடிப்பதும் கொஞ்சம் குறையும். அதனால் பருவம் தெளிவாகத் தெரிகிற நாளில் மட்டும் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கன்று சிறியதாக வரட்டும் என்று கடைசி மாதங்களில் கிடாரியைப் பட்டினி போடும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கன்று அவ்வளவாகச் சிறுக்காது, முக்குவதற்குத் தாய்க்குத்தான் தெம்பு இருக்காது.

கேள்வி: கிடாரி சாயங்காலம் கத்த ஆரம்பித்தால் உடனே ஊசி போட வேண்டுமா?
- வாசகர், கோபாலபுரம்

பதில்: வேண்டாம். சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை, காலையில் கத்தினால் அன்று சாயங்காலம். வழும்பு (பருவத்தில் பின்பக்கம் வடியும் கோழை) கண்ணாடி போலத் தெளிவாகக் கம்பியாக இறங்க வேண்டும். கலங்கியோ சீழ் கலந்தோ வந்தால் அந்தப் பருவத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சிச் சந்தையில் எட்டு மாதச் சினைக் கிடாரி வாங்கினேன். எந்தக் காளை என்று தெரியாது. பயமாக இருக்கிறது.
- வாசகர், நாட்டுக்கல்

பதில்: காளையை இனி மாற்ற முடியாது, கன்று போடும் இடத்தைத் தயார் செய்யலாம். வழுக்காத தரை, காய்ந்த வைக்கோல், டாக்டரின் போன் நம்பர். பனிக்குடம் உடைந்ததும் குளம்பைப் பாருங்கள். அடிப்பக்கம் தரையைப் பார்த்திருந்து, பின்னாலேயே மூக்கும் தெரிந்தால் கன்று சரியாக வருகிறது. அடிப்பக்கம் வானத்தைப் பார்த்தால் அது பின்னங்காலாக இருக்கலாம், உடனே கூப்பிடுங்கள். கால் தெரிந்து ஒரு மணி நேரம் முக்கியும் கன்று நகரவில்லை என்றாலும் கூப்பிடுங்கள். நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுக்காதீர்கள்.