டூட்டி மாறும் நேரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் பயிற்சி மருத்துவர். இரவு டூட்டிக்கு வருபவரிடம் 20 நோயாளிகளை ஒப்படைக்க அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. எதை விடலாம், எதை விடக் கூடாது?

பதில்: முதலில் படுக்கை எண் வரிசையை விடுங்கள். 1-லிருந்து தொடங்கினால், 17-இல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் வருவதற்குள் கேட்பவருக்குக் காது அடைத்துவிடும். மோசமாக இருப்பவர் நாலு பேர் என்றால் ஆளுக்கு 4 நிமிடம். மோசமாகக்கூடியவர் நாலு பேருக்கு 2 நிமிடம். மற்ற 12 பேருக்கும் அரை நிமிடம் போதும். கணக்கு சரியாக 30.

பழைய நோய்க் கதை, நார்மலாக வந்த ரிப்போர்ட் எல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கிறது, விடலாம். விடக் கூடாதது, ‘இப்படி ஆனால் இதைச் செய்’ என்ற பகுதி. அதுதான் கேஸ் ஷீட்டில் இருக்காது, உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும்.

இதயச் செயலிழப்புக்கு ஃபுரோசிமைடு (சிறுநீரை அதிகம் போகச் செய்யும் மருந்து, பொட்டாசியமும் கூடவே போகும்) ஊசி போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். “பொட்டாசியம் கம்மி, கொஞ்சம் பார்த்துக்கோ” என்றால் அது ஒப்படைப்பே இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “5 மணிக்கு பொட்டாசியம் 2.9. ஈசிஜி-யில மாற்றம் இல்ல. 6 மணிக்கு பொட்டாசியம் சொட்டு 40 மில்லிமோல் ஆரம்பிச்சோம், மணிக்கு 10 வீதம். 10 மணிக்கு முடியும். 11 மணிக்கு ரத்தம் எடுக்கணும். பொட்டாசியம் 5-ஐத் தாண்டியிருந்தா மேற்கொண்டு எதுவும் கொடுக்காம ஈசிஜி எடு. ஏறவே இல்லன்னா மெக்னீசியம் ரிசல்ட்டைப் பாரு, இன்னும் வரல. இடையில சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழ போனா சொட்டை நிறுத்திட்டு சீனியரைக் கூப்பிடு.” இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. மெக்னீசியம் குறைவாக இருந்தால் எவ்வளவு பொட்டாசியம் ஏற்றினாலும் சிறுநீரில் போய்விடும். இது நினைவுக்கு வராமல் நள்ளிரவில் இன்னொரு 40 ஏற்றுவதுதான் வழக்கமாக நடப்பது.

கேள்வி: ‘ஐ-பாஸ்’ என்ற ஐந்து படி ஒப்படைப்பு முறையில் சொல்லச் சொல்கிறார்கள். நேரம் இழுக்காதா?

பதில்: இழுக்காது. 2014-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் 10,740 உள்நோயாளி அனுமதிகளைப் பார்த்தார்கள். ஐ-பாஸ் வந்த பிறகு மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. ஒரு நோயாளிக்கு ஆன நேரம் முன்பு 2.4 நிமிடம், பிறகு 2.5.

தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, என்ன நேரலாம், கேட்டவர் திருப்பிச் சொல்வது என்று ஐந்து படிகள். பெரும்பாலான வார்டுகளில் நாலோடு நின்றுவிடுகிறார்கள். “சரி, சரி” என்று தலையாட்டுவது ஐந்தாவது படி ஆகாது. 2010-இல் குழந்தை மருத்துவப் பயிற்சி மருத்துவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு நோயாளி பற்றிய மிக முக்கியமான தகவலே 60 சதவீத நேரம் போய்ச் சேரவில்லை. சொன்னவர்களோ சேர்ந்துவிட்டதாகவே நம்பினார்கள். தீவிர நோயாளிகளுக்காவது, “11 மணிக்கு ரத்தம், 5-க்கு மேல போனா ஈசிஜி, சரியா?” என்று அவர் வாயால் வரட்டும்.

கேள்வி: ஒப்படைப்புத் தாளை நேற்றைய ஃபைலைத் திருத்தித்தான் தயாரிக்கிறோம். தவறா?

பதில்: திருத்துவது தவறில்லை, திருத்த மறப்பதுதான். எடுத்துவிட்ட சிறுநீர்க் குழாய் தாளில் மூன்று நாள் தொங்கிக்கொண்டிருக்கும். ‘ஆன்டிபயாடிக் 3-ஆம் நாள்’ என்று எழுதாதீர்கள். நாளைக்கும் அது 3-ஆம் நாளாகவே இருக்கும். தொடங்கிய தேதியை எழுதினால் பழசாகாது. அலர்ஜி மட்டும் தினமும் அப்படியே இருக்கட்டும். தாளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கிழித்துப் போடுங்கள்.

கேள்வி: பேசிக்கொண்டிருக்கும்போதே நோயாளிக்கு மோசமானால் யார் ஓடுவது?

பதில்: போகிறவர்தான். வந்தவர் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை நோயாளி போகிறவர் பொறுப்பு. அவருக்குத்தான் விவரமும் தெரியும். வந்தவர் கூடவே ஓடலாம், வார்டு போனை எடுக்கலாம். ஆனால் ‘யாரோ பார்ப்பார்கள்’ என்று இருவரும் நிற்கும் அந்த இரண்டு நிமிடம் ஆபத்தானது. அடுத்த கால் மணி நேரத்துக்குள் செய்ய வேண்டிய ஊசியோ ரத்தப் பரிசோதனையோ இருந்தால், அதையும் முடித்துவிட்டே கிளம்புங்கள்.