ஊஞ்சலிலிருந்து எழுப்பப்பட்ட பிள்ளைகள்

கேள்வி: எங்கள் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றைப் புதுப்பிக்கப் போகிறார்கள். வேலை தொடங்கும் முன் பக்கத்துப் பள்ளி மாணவிகளிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சிலர் மனு கொடுத்திருக்கிறார்கள். பூங்காப் பக்கமே வராத பதினைந்து வயதுப் பெண்களுக்குப் பூங்கா அமைப்பதைப் பற்றி என்ன தெரியும்?
– வாசகர் ஒருவர், அம்மாபேட்டை, சேலம்.

பதில்: ஏன் வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் எனக்கும் வரைபடம் போடும் பொறியாளருக்கும் அது தெரியாது.

சில நாட்களுக்கு முன் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். மாலை ஐந்தரை மணி. சீருடைகூட மாற்றாத இரண்டு மாணவிகள் ஊஞ்சலில் இருந்தார்கள். ஆடவில்லை, செருப்பு நுனியால் மண்ணைக் கீறியபடி பேசிக்கொண்டிருந்தார்கள். காவலாளி விசில் அடித்து, ‘12 வயதுக்கு மேற்பட்டோர் ஊஞ்சல் ஆடக் கூடாது’ என்ற பலகையைக் காட்டினார். அவர்மேல் குற்றமில்லை, சங்கிலி அறுந்தால் அவரைத்தான் கேட்பார்கள். பிள்ளைகள் எழுந்து சுற்றிலும் பார்த்தார்கள். எட்டு வடிவ நடைபாதையில் பெரியவர்கள். உடற்பயிற்சிக் கருவிகளில் இளைஞர்கள். மண் தரை முழுக்கப் பையன்களின் கிரிக்கெட். மிச்சமிருந்த சிமென்ட் பெஞ்ச் வாசலைப் பார்த்திருந்தது. அங்கே உட்கார்ந்தால் தெருவில் போகிறவர் அத்தனை பேர் கண்ணும் மேலே விழும். புத்தகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இதைத்தான் நாம் ‘வருவதே இல்லை’ என்கிறோம்.

வியன்னா நகரப் பூங்காக்களை 1996–97இல் ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதுவே. ஒன்பது பத்து வயதைத் தாண்டியதும் சிறுமிகளின் வருகை சட்டென்று குறைந்தது, பையன்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். ஒரே ஒரு திறந்தவெளிக்காகப் போட்டியிட நேர்ந்தால் பெண் பிள்ளைகள் ஒதுங்கிவிட்டார்கள். 1999இல் அதே நகரின் மார்கரேட்டன் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம், நடைபாதைகள், பெரிய வெளியைச் சிறு சிறு இடங்களாகப் பிரிக்கும் செடிகள், அவ்வளவுதான். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். சுவீடனின் உமேயோ நகரில் இளம்பெண்களையே கேட்டுப் பூங்காவின் ஒரு பகுதியை அமைத்தபோது, கூரையின் கீழ் தொங்கும் பெரிய ஊஞ்சல் இருக்கைகள் வந்தன. தோழிகளோடு உட்கார்ந்து பேசுவதற்கான ஊஞ்சல்கள்!

அந்தக் குளிருக்குச் செய்ததை நம் வெயிலில் கொண்டுவந்து நட முடியாது. அதனால்தான் அம்மாபேட்டைப் பிள்ளைகளைக் கேட்க வேண்டும் என்கிறேன். தறி பாதி வீட்டை அடைத்துக்கொள்ளும் தெருக்கள் உங்கள் ஊரில் எத்தனை! அங்கே வளரும் பெண்ணுக்குத் தோழியோடு அரைமணி நேரம் உட்கார வேறு இடம் ஏது? ஏற்காட்டின் ‘லேடீஸ் சீட்’, ஒரு பெண்மணி உட்கார்ந்து அடிவாரத்தைப் பார்த்த இடம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த அடிவாரத்தில் நம் மகள்களுக்கு ஓர் இருக்கை கேட்டால் மட்டும் ‘என்ன தெரியும்’ என்கிறோம்.

வார்டு மக்கள் கூடி உள்ளூர்த் தேவைகளைப் பேசும் பகுதி சபா வாக்காளர்களுக்கானது, அங்கே இவர்களுக்கு இடமில்லை. ஆனால் விளையாடவும் ஓய்வெடுக்கவும் தம்மைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்ற ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992இலேயே சேர்ந்துவிட்டது. அதன்படி 18 வயது நிரம்பும்வரை குழந்தைதான். பூங்காப் பலகை எழுதியவர் 12இல் நிறுத்திவிட்டார்.

வடிகால் மட்டம், மின்கம்பி, கான்கிரீட் கலவை எல்லாம் பொறியாளர் வேலை, அதில் யாரும் தலையிட வேண்டாம். எந்த விளக்கு எரிவதில்லை, பைக்குகள் எந்த மூலையில் கூடுகின்றன, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதை அந்தப் பெண்கள் சொல்லட்டும். வகுப்பறையில் படிவம் கொடுத்தால் ‘பூங்கா சுத்தமாக இருக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஓர் ஆசிரியையோடு மாலை ஆறு மணிக்குப் பூங்காவுக்கே அழைத்துப் போங்கள். ஆளுக்கொரு சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எங்கே உட்காருவீர்கள் என்று தரையில் கோடு போடச் சொல்லுங்கள். டெண்டர் விடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். கம்பி நட்டுச் சிமென்ட் இறுகிய பிறகு, என்ன நிறம் பூசலாம் என்று மட்டும்தான் அவர்களிடம் கேட்க முடியும்.