கொழுப்பான சாப்பாட்டோடு என்ன குடிக்கலாம்? – கேள்வி பதில்

ரத்தக் குழாய்களின் செயல்பாட்டை அளக்கும் ஆய்வுகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால், சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோப்பையைப் பற்றி என்னிடம் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஒரே ஒரு வேளை கொழுப்பாகச் சாப்பிட்டால் ரத்தக் குழாய்க்கு என்ன ஆகிவிடும்? அடைப்பு வரப் பல ஆண்டுகள் ஆகாதா?

அடைப்புக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் குழாயின் உட்படலம் அன்றைக்கே வாடிவிடுகிறது. கொழுப்பாகச் சாப்பிட்ட ஒருவரிடம் மூன்று மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, அந்தச் சோதனைக் குழாயை இயந்திரத்தில் சுழற்றி வைத்துப் பாருங்கள். தெளிந்த மஞ்சளாக மேலே நிற்க வேண்டிய நீர்ப்பகுதி பால் கலந்ததுபோல் மங்கி நிற்கும். நான் முதன்முதலாகப் பார்த்தபோது மாதிரி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். குடலிலிருந்து வந்த கொழுப்புத் துளிகள்தான் அவை.

அந்த நேரத்தில் உட்படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு பயன்படாமல் குறைந்துபோகிறது. குழாயைத் தளர்த்தி விரியச் செய்வது அதுதான். இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. 1997இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் ஆரோக்கியமான பத்துப் பேருக்கு 50 கிராம் கொழுப்புள்ள உணவு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை குழாய் விரியும் திறன் குறைந்தே இருந்தது. அதே கலோரி, ஆனால் கொழுப்பு இல்லாத உணவு கொடுத்தபோது குறையவில்லை.

எப்படி அளக்கிறீர்கள்? ஊசி உண்டா?

இல்லை. முன்கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவோம். விரல்கள் மரத்துப்போகும், கை வெளிறும். பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் பாயும். மேல்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்போம். மூன்று நான்கு மில்லிமீட்டர் குழாயில் சில பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்திருப்போம்.

கொக்கோ குடித்தால் இந்தப் பாதிப்பு வராது என்கிறார்களே?

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2024இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களுக்கு வெண்ணெய் மிகுந்த காலை உணவைக் கொடுத்து, பிறகு மனக்கணக்குப் போடவைத்து நெருக்கடி உண்டாக்கினார்கள். ஃபிளவனால் என்ற தாவரப் பொருள் நிறைந்த கொக்கோ குடித்தவர்களுக்குக் குழாயின் திறன் காக்கப்பட்டது. அது குறைந்த கொக்கோ குடித்தவர்களுக்குச் சரிந்தது.

ஆனால் எந்தக் கொக்கோ என்பதே பெரிய கேள்வி. கசப்பு போக, கருமை கூட, காரத்தன்மையுள்ள உப்பு சேர்த்துப் பதப்படுத்திய தூளில் ஃபிளவனால் பெரும்பகுதி அழிந்திருக்கும். பதப்படுத்தாத, கசக்கும், வெளிர் பழுப்புத் தூளைத் தேடுங்கள். சர்க்கரையை அள்ளிப் போடாதீர்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: 21,000க்கும் மேற்பட்டவர்களுக்கு தினமும் 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனாலோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில், மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதய நோய் நிகழ்வுகளின் மொத்த எண்ணிக்கை உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. சில மணி நேரம் குழாய் நன்றாக விரிவது வேறு, மாரடைப்பைத் தடுப்பது வேறு.

தேநீர்? பால் சேர்த்தால் பலன் போய்விடுமா?

தேநீர் குழாயைத் தளர்த்துகிறது. 2007இல் பெர்லினில் 16 பெண்களிடம் செய்த ஆய்வில், பால் சேர்த்ததும் அந்தப் பலன் மறைந்தது. பாலிலுள்ள கேசீன் புரதத்தைக் காரணமாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் கொழுப்பான சாப்பாட்டோடு குடிப்பதென்றால் வெறும் தேநீரையே நான் சொல்வேன். ரத்தசோகை உள்ளவர்கள் மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கும்.

குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வயிற்றில் கொழுப்பு உறைந்துவிடுமா?

உறையாது. குடித்த தண்ணீர் சீக்கிரமே உடலின் சூட்டுக்கு வந்துவிடும். பயப்படாமல் குடியுங்கள்.

சர்க்கரை போட்ட குளிர்பானம்?

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போதும் உட்படலம் தளர மறுக்கிறது. சர்க்கரையின் இன்னொரு பகுதியான ஃபிரக்டோஸ் கல்லீரலில் கொழுப்பாகி, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை இன்னும் ஏற்றுகிறது. கொழுப்பும் சர்க்கரையும் ஒரே நேரத்தில் வந்தால் குழாய்க்கு இரட்டை அடி. மதுவும் இப்படித்தான்: கல்லீரல் மதுவை முதலில் எரிக்கப் போய்விடுவதால் கொழுப்பு ரத்தத்தில் தேங்குகிறது.

அம்மா, எனக்கு 63 வயது. கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுக்கிறேன். பழச்சாறு குடிக்கலாமா?

மாத்திரை சிம்வாஸ்டாட்டின் அல்லது அட்டோர்வாஸ்டாட்டின் என்றால், கிரேப்ஃப்ரூட் என்ற ஆரஞ்சு இனப் பழத்தின் சாறு வேண்டாம் ஐயா. மருந்தை உடைக்கும் குடல் நொதியை அது முடக்குவதால் ரத்தத்தில் மருந்து அளவுக்கு மீறிச் சேரும், தசைகள் பாதிக்கப்படலாம். சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.

எதுவும் குடிக்காமல், சாப்பிட்டபின் நடந்தால் போதுமா?

எந்தக் கோப்பையையும்விட நடையைத்தான் நம்புகிறேன். கொழுப்பான உணவுக்குப் பின் 45 நிமிடம் மிதமான வேகத்தில் நடந்தவர்களிடம் குழாயின் திறன் மீண்டதை அளந்து காட்டியிருக்கிறார்கள். முந்தைய நாள் மாலை நடந்தாலும் மறுநாள் சாப்பாட்டுக்குப் பின் ட்ரைகிளிசரைடு குறைவாகவே ஏறுகிறது. நாளைக்கு விருந்து இருந்தால் இன்று மாலையே கிளம்பிவிடுங்கள்.