மாமனார் விட்டுப்போன ‘டாமி கன்’

கேள்வி: டென்னசியில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. மனைவி அமெரிக்காவில் பிறந்தவர். அவருடைய அப்பா காலமானபின் வீட்டில் டாமி கன் எனும் தாம்சன் இயந்திரத் துப்பாக்கி போலவே ஒரு பழைய துப்பாக்கி கிடைத்தது. ‘கமாண்டோ மார்க் 45, வாலண்டியர் என்டர்பிரைசஸ், நாக்ஸ்வில்’ என்று பொறித்திருக்கிறது. இருபதாயிரம் டாலர் போகும் என்கிறார் நண்பர். என் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். விற்கலாமா?

பதில்: விலை அப்புறம். இன்றைக்கே அது உங்கள் அலமாரியை விட்டுப் போக வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. 15 ஆண்டுவரை சிறை, கிரீன் கார்டுக்கும் ஆபத்து. வாரிசு உங்கள் மனைவி. அவர் பூட்டி வைக்கட்டும், சாவி அவரிடமே இருக்கட்டும். ‘வீட்டில்தானே இருக்கிறது’ என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சரி, அது என்ன துப்பாக்கி? நாக்ஸ்வில் கமாண்டோ, டாமி கன் தோற்றத்தில் செய்த கார்பைன், அதாவது குட்டை ரைஃபிள். ஒருமுறை ட்ரிகரை இழுத்தால் ஒரு குண்டுதான். ஆனால் தோற்றத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. இதன் முன்னோடியான ஸ்பிட்ஃபயர் கார்பைனை அரசு மெஷின் கன்னாகவே, அதாவது ஒரே இழுப்பில் பல குண்டு சுடும் துப்பாக்கியாகவே, வகைப்படுத்தியது. யாராவது உள்பாகத்தை மாற்றியிருந்தால் உங்களுடையதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

உள்பாகத்தையும் பேரல் நீளத்தையும் பார்க்க, உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரை மனைவி வீட்டுக்கே அழைக்கட்டும். மேகசினை (குண்டுப்பெட்டியை) கழற்றி, சேம்பரில் (குண்டு நிற்கும் அறையில்) எதுவும் இல்லை என்று உறுதி செய்தபின், அதை அடைக்கும் போல்ட்டை மூடி, பேரல் (குழல்) முனை வழியாக ஒரு மரக்குச்சியைப் போல்ட்டில் முட்டும்வரை விட்டு, முனையில் கோடு போட்டு அளப்பார். 16 அங்குலத்துக்குக் குறைந்தால் 1934 கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டப்படி அது அரசிடம் பதிவாகியிருக்க வேண்டும். கழற்றக்கூடிய முனைத்துண்டு கணக்கில் சேராது.

நண்பர் சொன்ன விலை, பதிவான அசல் மெஷின் கன்னுடையது. 1986 மே 19க்குப் பிறகு புதிதாக எந்த மெஷின் கன்னையும் பொதுமக்கள் பெயரில் பதிய முடியாது. அதனால்தான் அந்த விலை. கமாண்டோ அந்தப் பக்கமே போகாது. எழுத்து தேயாமல், பழைய பூச்சும் சொந்த மேகசினும் இருந்தால் கொஞ்சம் கூடும். பளபளப்பாக்க வேண்டாம்.

பதிவில்லாத மெஷின் கன் என்று தெரிந்தால் தொடாதீர்கள், விற்காதீர்கள், காரில் ஏற்றாதீர்கள். மனைவி ஒரு வழக்கறிஞர் மூலமாக ஒப்படைக்கட்டும். சாதாரண கார்பைன் என்றால், அவரே உரிமம் பெற்ற டீலரிடம் விற்று ரசீது வாங்கிக்கொள்ளலாம்.