கேள்வி – பதில்: காய்த்துளைப்பானுக்கு இடம் கொடுக்கும் செடிகள்

கேள்வி: லக்னோ-49 கொய்யா ஒரு ஏக்கர் இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் நிலக்கடலைக்கு வரப்போரமாக ஆமணக்கு போட்டிருக்கிறார். அதிலிருந்துதான் என் கொய்யாவுக்குப் புழு வருகிறது என்கிறார்கள். ஆமணக்கை வெட்டச் சொல்லலாமா?
– வாசகர், ஆயக்குடி

பதில்: வெட்டச் சொல்ல வேண்டாம், குலையை ஒடிக்கச் சொல்லுங்கள். அவர் ஆமணக்கு போட்டிருப்பது கடலை இலையைத் தின்னும் புரொடீனியாப் புழுவை இழுக்க. அந்த அந்துப்பூச்சி ஆமணக்கு இலையில் குவியலாக முட்டை வைக்கும். அந்த இலையைக் கிள்ளி அழித்தால் கடலை தப்பும். அதற்கு இலை இருந்தால் போதும், குலை தேவையே இல்லை. உங்கள் கொய்யாவைத் துளைக்கும் காய்த்துளைப்பானான கோனோகீத்தஸ் பங்டிஃபெராலிஸ் அந்துப்பூச்சிக்கோ குலைதான் வேண்டும். இளஞ்செடியில் தண்டையும் துளைக்கும் என்றாலும் அது பெருகுவது பூங்கொத்திலும் பிஞ்சுக் காயிலும்தான். ஆகவே நுனியில் குலை தலைகாட்டியதும் கையால் ஒடித்துவிட வேண்டும். ஒரு முறை ஒடித்துவிட்டுச் சும்மா இருந்தால் பக்கக் கிளைகள் கிளம்பி அவற்றிலும் குலை வரும். வாரம் ஒரு தடவை வரப்பைச் சுற்றி வரத்தான் வேண்டும்.

ஏற்கெனவே புழு ஏறிய செடி எப்படி இருக்கும் என்றால், காய்கள் நூலாம்படையால் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், இடையிடையே பழுப்பு நிற எச்சம் அப்பியிருக்கும். பிரித்தால் இளம்பச்சையில் லேசாக ரோஸ் கலந்த, உடம்பெல்லாம் கரும்புள்ளி வைத்த புழு. தாய்ப்பூச்சி வைக்கோல் மஞ்சள். சிறகு விரித்தால் ஏறக்குறைய ஒரு அங்குலம், அதில் வாரி இறைத்தாற்போல் கறுப்புப் புள்ளிகள். முட்டை ஒரு வாரம், புழு இரண்டு மூன்று வாரம், கூட்டுப்புழு ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆக மாதத்துக்கு ஒரு தலைமுறை.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. புழு இருக்கிறது என்று பதறி ஆமணக்கை வெட்டி வரப்பிலேயே போட்டுவிடுவார்கள். வளர்ந்த புழுவுக்கு அதன்பின் தீனி தேவையில்லை. காய்ந்த குலைக்குள்ளேயே கூடு கட்டிப் பூச்சியாகிவிடும். வெளியே வரும்போது ஆமணக்கு இருக்காது, கொய்யாப் பிஞ்சு இருக்கும். வெட்டுவதானால் குலைகளைத் தனியே ஒடித்துக் கறுப்பு பாலித்தீன் சாக்கில் போட்டு, வாயை இறுகக் கட்டி, பத்து நாள் நல்ல வெயிலில் கிடத்துங்கள். தோட்டத்தில் உதிரும் சொத்தைக் கொய்யாவுக்கும் இதே சாக்குதான். மரத்தடியில் விட்டாலும், திறந்த குப்பைக்குழியில் கொட்டினாலும் புழு தப்பிவிடும்.

இனி கொய்யா மரத்துக்கு வருவோம். இரண்டு காய்கள் ஒட்டும் இடத்திலும், காயின் மேல் இலை படியும் இடத்திலும்தான் புழு முதலில் துளைபோடும், மறைவு கிடைக்கிறதே. கொத்துக்கு ஒரு காய் விட்டு மற்றதைப் பிஞ்சிலேயே கிள்ளுங்கள். பூ உதிர்ந்ததிலிருந்து 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல்: 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்புத் தூளை இரவு ஊறவைத்து, துணியில் இரு முறை வடிகட்டி, 20 கிராம் சோப்பு கரைத்து, மாலையில் அடிக்க வேண்டும். கொட்டை எட்டு மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் வீரியம் போயிருக்கும். எலுமிச்சை அளவு வந்ததும் கவர் மாட்டிக் காம்போடு சேர்த்துக் கட்டி, அடி மூலையில் சிறு துளை போடுங்கள். இல்லையேல் நீர் கோத்துக் காய் அழுகும். மாட்டுமுன் ஒவ்வொரு காயின் அடிப்பகுதியையும் திருப்பிப் பாருங்கள். துளை விழுந்த காய்க்குக் கவர் மாட்டினால் நாமே புழுவுக்குப் பாதுகாப்புக் கொடுத்ததாகிவிடும். காய்க்குள் போய்விட்ட புழுவை எந்த மருந்தாலும் லேசில் எட்ட முடியாது.

கேள்வி: மெத்தில் யூஜினால் பொறி வைத்தும் கொய்யாவில் புழு குறையவில்லை. பொறி போலியா?
– வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: பொறி சரியாக இருக்கலாம், பூச்சிதான் வேறு. மெத்தில் யூஜினால் பழ ஈயின் ஆணை மட்டும் இழுக்கும். பழத்தை அறுத்துப் பாருங்கள்: காலும் தலையும் தெரியாத வெள்ளைப் புழு, தட்டில் போட்டால் துள்ளுகிறது, வெளியே எச்சம் இல்லை என்றால் பழ ஈ. தலையும் கால்களும் தெளிவாகத் தெரிந்து, துளைவாயில் எச்சம் நூலோடு தொங்கினால் காய்த்துளைப்பான். கத்தரிக் காய்ப்புழுவுக்கு விற்கும் லியூரை (பூச்சியை இழுக்கும் வாசனைப் பொருளை) வாங்கிக் கொய்யாவில் தொங்கவிடுவதும் வீண்செலவு. ஒவ்வொரு அந்துப்பூச்சிக்கும் அதனதன் வாசனை.

கேள்வி: கொய்யாவுக்கு நடுவே மஞ்சள் போட எண்ணம். இரண்டுக்கும் ஒரே துளைப்பான் என்று படித்தேன். போடலாமா?
– வாசகர், மொடக்குறிச்சி

பதில்: படித்தது தவறில்லை, ஆனால் பட்டியல் பழையது. ஆமணக்கு, கொய்யா, மாதுளை, கோகோ, ரம்புத்தான், துரியன், பீச், சோளக்கதிர், சூரியகாந்தி, இஞ்சி, மஞ்சள், ஏலக்காய் என எல்லாவற்றையும் துளைப்பதை கோனோகீத்தஸ் பங்டிஃபெராலிஸ் என்ற ஒரே பெயரின் கீழ் எழுதி வந்தார்கள். ஒரே மாதிரி மஞ்சள் சிறகு, ஒரே மாதிரி கறுப்புப் புள்ளி. பிரித்துச் சொல்வது கஷ்டம். 2018இல் ஏலக்காயைத் துளைப்பது தனி இனம் என்று காட்டி, கோனோகீத்தஸ் சஹ்யாத்ரியென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிலும் இதே கதைதான்: பழத்தைத் தின்பதும் பைன் மரத்தைத் தின்பதும் ஒன்றென்று இருந்து, 2006இல் பைன் பூச்சிக்குத் தனிப்பெயர் வந்தது. ஆகவே ஒரு பட்டியலில் சேர்ந்து நிற்பதாலேயே ஒரு பயிரின் பூச்சி அடுத்ததற்குத் தாவும் என்று முடிவுகட்ட வேண்டாம். கொய்யாவுக்கு நாம் பயப்பட வேண்டியது ஆமணக்குக் குலை. மஞ்சளுக்காகத் திட்டத்தைக் கைவிட மாட்டோம்.

மஞ்சளைத் தாக்கும் துளைப்பான் காயைத் தேடாது, தண்டைத் துளைக்கும். துளைவாயில் எச்சம் தள்ளியிருக்கும், நடுக்குருத்து மஞ்சளித்துக் காயும். ஜூலை, ஆகஸ்டில் அப்படித் தெரியும் தண்டுகளைத் துளைக்குக் கீழே அறுத்து, பிளந்து புழுவை நசுக்கிவிடுங்கள். தூர் போகாது, பக்கத்தில் புதுத் தண்டு வரும்.

கேள்வி: மாதுளைக்கு விளக்குப் பொறி வைத்தேன். காய்ப்புழு அடங்கவில்லை.
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: மாதுளையில் அதிகம் சேதம் செய்வது அந்துப்பூச்சியே அல்ல, டியூடோரிக்ஸ் ஐசோகிரேட்டஸ் என்னும் பட்டாம்பூச்சி. பகலில் பறப்பது இரவு விளக்குக்கு எப்படி வரும்? அதன் முட்டை பூவின் புல்லி வட்டத்திலும் இளங்காயிலும் ஒற்றை ஒற்றையாக இருக்கும். புழு தடித்து, கரும்பழுப்பாக, குட்டை மயிரோடு இருக்கும். துளைவாயில் எச்சம் ஒட்டிக் காய் நாறும். மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் புல்லிக் கிண்ணத்தை நறுக்கிவிட்டு, காய் சிறிதாக இருக்கும்போதே பட்டர் பேப்பர் உறை கட்டுங்கள். இந்தப் பட்டாம்பூச்சிக்குப் புளி, விளா, இலந்தை, நெல்லி, கொய்யா எல்லாமே இடம். வேலியோரப் புளியமரத்தை வெட்ட முடியுமா என்ன! உறை கட்டுவதுதான் வழி.

கேள்வி: வேலியில் படர்ந்த சீந்தில் கொடி சாத்துக்குடிக்கு ஆகாது என்று நண்பர் சொல்கிறார். அது மருந்துக்கொடி அல்லவா? சாத்துக்குடியில் புழுவே இல்லை, ஆனால் பழம் அழுகி விழுகிறது.
– வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: நண்பர் சொல்வது சரி. இது துளைக்கும் பூச்சி அல்ல, சாறு உறிஞ்சும் யூடோசிமா அந்துப்பூச்சி. மற்றவற்றில் புழுதான் பழத்தைக் கெடுக்கும். இதில் புழு சீந்தில், கட்டுக்கொடி இலைகளைத் தின்று வளர, வளர்ந்த அந்துப்பூச்சி இரவில் வந்து பழுக்கும் பழத்தில் உறிஞ்சுகுழலைக் குத்தும். ஊசி குத்தினாற்போல் ஒரு துளை. பிதுக்கினால் சாறு கசியும். அதைச் சுற்றி வட்டமாக அழுகி, பழம் விழும். அறுத்துப் பார்த்தாலும் புழு கிடைக்காது.

சீந்தில் தண்டை அறுத்து மண்ணில் போட்டால் துளிர்க்கும், மரக்கிளையில் தொங்கவிட்டால்கூட வேர்விழுதை இறக்கிப் பிழைத்துக்கொள்ளும். ஆகவே வேரோடு பிடுங்கி, தண்டைத் துண்டாக்கி உலர்த்தி எரிக்க வேண்டும். மருந்துக்கு வேண்டுமானால் ஒரே ஒரு கொடியைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொண்டு, இலையின் பின்புறம் பார்த்துப் புழுவைப் பொறுக்கிவிடுங்கள். இந்தப் பூச்சி வெகுதூரம் பறக்கும் என்பதால் உங்கள் வேலியைச் சுத்தம் செய்தது மட்டும் போதாது. பழம் நிறம் மாறும் நாட்களில் மாலை இருட்டும் நேரம் புகைமூட்டம் போடுங்கள். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள், அதன் புளித்த வாடைக்கே பூச்சி கூடும்.